பல நாட்டவரோடு வேலை செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேறு நாட்டு அலுவலகம், வேறு நாட்டு வாடிக்கையாளர், வேறு நாட்டு மேலாளர் என்று வேலை பார்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக நானும் பல நாட்டவர் கலந்த குழுக்களில்தான் இருக்கிறேன். சில பதில்களைத் தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டேன். நீங்கள் அந்தத் தவறுகளைச் செய்யாமல் தப்பித்தால் எனக்கு மகிழ்ச்சி.

கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் வேலை தொடங்கவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. நம் "சரி"யையே எடுத்துக்கொள்ளுங்கள். "சரி" என்றால் ஒப்புதல். "சரி சரி" என்றால் போதும், விடு. "சரி... பார்க்கலாம்" என்று இழுத்தால் அது நடக்காது. தமிழ் தெரிந்த யாரும் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதில்லை. ஆனால் மூன்றுக்கும் ஆங்கிலத்தில் "யெஸ்" என்று சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றாகத்தான் கேட்கும்.

ஜப்பானியர் சொல்லும் "ஹாய்", அதாவது "ஆமாம்", பல நேரம் "நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்ற அளவில் நின்றுவிடும். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய வியாபாரிகள் நிறையப் பேர். "பரிசீலிக்கிறோம்" என்பதும் "அது கொஞ்சம் கடினம்" என்பதும் அங்கே மறுப்பை மென்மையாகச் சொல்லும் வழிகளாக அடிக்கடி வருகின்றன. சொல்பவருக்குத் தான் தெளிவாக மறுத்துவிட்டோம் என்ற நிம்மதி. கேட்டவருக்கு வேலை நடக்கப்போகிறது என்ற நம்பிக்கை. இருவரும் பொய் சொல்லவில்லை.

ஒருமுறை நான் நடத்திய கூட்டத்தின் முடிவில் "எல்லாருக்கும் புரிந்ததா?" என்று கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பார்த்தால் இரண்டு அணிகள் இரண்டு வெவ்வேறு பொருள்களைச் செய்துகொண்டிருந்தன. தப்பு என் கேள்வியில்தான் இருந்தது. "புரியவில்லை" என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அவர்களுக்கு நான் உண்டாக்கியிருந்தேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. "முதலில் எதைத் தொடங்கப்போகிறீர்கள்? எது தாமதமாகும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்கிறேன். இதற்கு "ஆமாம்" என்று மட்டும் பதில் சொல்ல முடியாது. தடையைச் சொல்வதும் இங்கே எதிர்ப்பாகத் தெரியாது, கேட்டதற்குச் சொன்ன பதிலாகத்தான் தெரியும்.

சிலர் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறார்கள், சிலரோ எதையும் எழுத மறுக்கிறார்கள். ஏன்?

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970-களில் இதற்கு ஒரு நல்ல விளக்கம் கொடுத்தார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொற்களிலேயே இருக்கும். மற்றவற்றில் யார் சொன்னார், யார் முன்னால் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதிலும் செய்தி இருக்கும். நாம் குறிப்பறிதல் என்று சொல்வது இந்த இரண்டாவது வகை. குறிப்பறிந்து பழகியவருக்கு, பேசி முடித்ததை மறுபடி மின்னஞ்சலில் எழுதி அனுப்புவது தன்மேல் நம்பிக்கை இல்லாததுபோல் தோன்றும். முதல் வகையினருக்கு அது வெறும் வேலை ஒழுங்கு.

பல நாட்டவர் கலந்த குழுவில் எழுதிவைப்பதுதான் சரி என்பது என் முடிவு. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் குறிப்பால் பேசிக்கொள்ளலாம். வேறு வேறு இடத்தில் வளர்ந்தவர்கள் ஒருவர் குறிப்பை மற்றவர் அறிய வாய்ப்பே இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுங்கள்: "எனக்கு மறந்துவிடும் என்பதற்காக எழுதி அனுப்புகிறேன், விட்டுப்போனதைச் சேருங்கள்." இந்த ஒரு வரி எத்தனையோ மனக்கசப்பைத் தடுத்திருக்கிறது.

என் மேலாளர் எல்லார் முன்னாலும் "இது தவறு" என்று முகத்தில் அடித்தமாதிரி சொல்கிறார். என்னைப் பிடிக்கவில்லையா?

அவர் எங்கே வேலை பழகினார் என்று பாருங்கள். நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் வேலையைக் குறை சொல்வது ஆளைக் குறை சொல்வதாகாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. காலையில் உங்கள் அறிக்கையைக் கிழித்துத் தோரணம் கட்டியவர், மதியம் உங்களோடு சிரித்துப் பேசுவார். அதில் நடிப்பு இல்லை. தென்மேற்கு ஜெர்மனியின் சுவேபியப் பகுதியில், திட்டாமல் விட்டதே போதுமான பாராட்டு என்று பொருள்படும் ஒரு வழக்குச் சொல்லே இருக்கிறது. அப்படிப்பட்டவர் உங்கள் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் புரட்டினால் அது நல்ல சேதி.

இதற்கு நேர்மாறாகப் பிரிட்டிஷ் மேலாளர் "இன்னொரு முறை யோசித்துப் பார்க்கலாமே" என்றால் அது யோசனை இல்லை, மாற்றச் சொல்கிறார். இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்கர்களிடம் இன்னொரு சிக்கல். பொதுவாக வெளிப்படையாகப் பேசுவார்கள், ஆனால் குறையைச் சொல்லும்போது முன்னும் பின்னும் பாராட்டை வைப்பார்கள். அந்தப் பாராட்டை மட்டும் கேட்டுவிட்டு மகிழ்ச்சியாகப் போய், ஆண்டு மதிப்பீட்டில் அதிர்ந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு.

மேலாளரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள்: "நீங்கள் சொன்னதில் நான் கட்டாயம் மாற்ற வேண்டியது எது?" நீங்கள் மேலாளராக இருந்தால், பாராட்டை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள், குறையைத் தனியாகச் சொல்லுங்கள். தனியாகக் கேட்ட குறை யாரையும் எல்லார் முன்னாலும் தலைகுனிய வைப்பதில்லை.

கூட்டத்தில் இளையவர்கள் வாயே திறப்பதில்லை. அவர்கள் கலாசாரம் அப்படி என்று விட்டுவிடலாமா?

விடக்கூடாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1977 மார்ச் 27 அன்று கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃப் விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கியிருந்தது. பனி, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கேட்காமல்போன வானொலிப் பேச்சு, தெளிவில்லாத சொற்கள் என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. விமானம் ஓடத் தொடங்கிய பிறகு அதில் இருந்த விமானப் பொறியாளர், மற்றொரு விமானமான பான் அமெரிக்கன் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைமை வகித்தவர். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை.

நேரடிப் பேச்சுக்குப் பெயர்போன நாட்டு விமானம் அது. பதவி உயரமாக இருக்கும் இடத்தில் எந்த நாட்டவர் வாயும் அடைபடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு விமானத் துறை என்ன செய்தது என்பதுதான் நமக்குப் பாடம். "இளையவர்களே, தைரியமாகப் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்லிவிட்டு நிற்கவில்லை. 1979-இல் நாசா நடத்திய பயிலரங்குக்குப் பின் வளர்ந்த பயிற்சிகள், ஐயத்தை எப்படிச் சொல்வது என்று இளையவருக்கும், அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தலைமை விமானிக்கும் சேர்த்தே கற்றுக்கொடுத்தன. இன்று உலகமெங்கும் விமானக் குழுவினருக்கு அது வழக்கமான பயிற்சி.

அலுவலகத்திலும் அப்படித்தான். அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வழி திறக்க வேண்டும். மேலாளர் தன் கருத்தைக் கடைசியில் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. கேள்விகளை முந்தின நாளே அனுப்பி எழுத்தில் பதில் வாங்கலாம். இளையவரில் தொடங்கி ஒவ்வொருவராகக் கேட்கலாம். "இந்தத் திட்டம் தோற்றுப்போனால் எதனால் தோற்றிருக்கும்?" என்று கேட்டால், எதிர்த்துப் பேசத் தயங்குபவரும் மனம் திறப்பார். ஏனென்றால் அவர் உங்களை எதிர்க்கவில்லை, நீங்கள் கொடுத்த வேலையைச் செய்கிறார்.

ஜப்பானிய வாடிக்கையாளரோடு நான்கு கூட்டம் நடந்துவிட்டது. எதிலும் முடிவு எடுக்கவில்லை. என்ன செய்வது?

முடிவு கூட்டத்தில் எடுக்கப்படும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அங்கே பல நிறுவனங்களில் கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துப் பேசி, தயக்கங்களைக் கேட்டுச் சரிசெய்துவிடுவார்கள். இதற்கு நெமாவாஷி என்று பெயர். பெரிய மரத்தை இடம் மாற்றி நடுவதற்கு முன் அதன் வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பதப்படுத்தும் வேலையைக் குறிக்கும் சொல் அது. கூட்டம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டதை உறுதிசெய்யும் இடம் மட்டும்தான்.

ஆகவே ஐந்தாவது கூட்டத்துக்கு நாள் குறிக்காதீர்கள். அவர்கள் பக்கம் உங்களோடு தொடர்பில் இருப்பவரிடம், யாருக்கெல்லாம் இதில் தயக்கம் இருக்கலாம், அவர்களுக்கு என்ன தகவல் தேவை என்று கேளுங்கள். முடிவு தாமதமாக வரும். ஆனால் வந்த பிறகு வேலை வேகமாக நடக்கும், அதுதான் இந்த முறையின் பலன்.

பெயர் சொல்லி அழைப்பதா, ஐயா என்பதா?

தெரியாத வரை மரியாதையோடு தொடங்குங்கள். மரியாதையிலிருந்து நெருக்கத்துக்குப் போவது எளிது, திரும்பி வருவதுதான் கடினம். சீன, கொரிய, ஜப்பானிய, ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதை நினைவில் வையுங்கள். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே இல்லை, தந்தை அல்லது தாய் பெயர்தான் பின்னால் வரும்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு நமக்கு இருப்பதால் ஸ்வீடனில் நடந்த ஒன்று நம்மை அதிகம் தொடும். அங்கேயும் பட்டப் பெயரும் பதவிப் பெயரும் இல்லாமல் ஒருவரை அழைப்பது பெரும்பாடாக இருந்தது. 1967-இல் நாட்டின் மருத்துவ வாரியத் தலைவராக வந்த பிரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லாரையும் "டூ", அதாவது "நீ" என்று அழைக்கப்போவதாகவும் தன்னையும் அவர்கள் அப்படியே அழைக்கலாம் என்றும் அறிவித்தார். ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்த வழக்கத்துக்கு அது ஒரு அடையாளமாகிவிட்டது. கீழே இருப்பவர் முதலில் "நீ" என்று சொல்லியிருந்தால் திமிர் என்றிருப்பார்கள். மேலே இருந்தவர் சொன்னதால் எல்லாருக்கும் வழி திறந்தது.

பேசி முடித்ததும் எதிர்ப்பக்கம் அமைதியாக இருக்கிறார்கள். கோபமா?

யோசிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு பத்து எண்ணுங்கள். அமைதியைக் கண்டு பயந்து தானாகவே விலையைக் குறைத்தவர்கள் உண்டு.

இந்த நாட்டவர் அமைதியானவர்கள், அந்த நாட்டவர் படபடவென்று பேசுவார்கள் என்ற பொதுப்பேச்சையும் அப்படியே நம்பாதீர்கள். பத்து மொழிகளில் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு எவ்வளவு இடைவெளியில் பதில் வருகிறது என்று அளந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. அமைதிக்குப் பெயர்போன ஜப்பானியர்தான் சராசரியில் மிக வேகம், கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை. மிக மெதுவாகப் பதில் வந்தது டேனிஷ் மொழியில், அதுவும் அரை நொடிக்குள். மனிதர்கள் இந்த விஷயத்தில் நாம் நினைப்பதைவிட ஒருவரை ஒருவர் ஒத்திருக்கிறார்கள். அப்புறம், காணொளி அழைப்பில் இணையத் தாமதமும் சேர்ந்துகொள்ளும். அதை யார் குணத்திலும் ஏற்றிவிடாதீர்கள்.

நேரம், தேதி, விடுமுறை விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நேரத்துக்கு வராததை அவமரியாதை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று இருப்பவர்களுக்கு அட்டவணை முக்கியம். பல வேலைகளை ஒன்றாகப் பார்ப்பவர்களுக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடுவதுதான் அவமரியாதை. எந்தத் தேதி உண்மையிலேயே தவறக்கூடாத தேதி, எது உத்தேசம் என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

தேதியை 04/05 என்று எழுதவே எழுதாதீர்கள். அமெரிக்கருக்கு அது ஏப்ரல் 5, பிரிட்டிஷ்காரருக்கு மே 4. மாதத்தைப் பெயராக எழுதுங்கள். 1.500 என்று ஜெர்மானியர் எழுதினால் அது ஒன்றரை இல்லை, ஆயிரத்து ஐந்நூறு. வார விடுமுறை இஸ்ரேலிலும் சவூதி அரேபியாவிலும் வெள்ளி, சனி. ஐக்கிய அரபு அமீரகத்தின் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறின. ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னதாக வரும் என்பதால் போன ஆண்டு நாட்காட்டியைப் பார்த்துத் திட்டமிட முடியாது.

பரிசு கொடுக்கலாமா?

நிறுவன விதியைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் வெளிநாட்டில் நடக்கும் லஞ்சத்தையும் தண்டிக்கின்றன. "இங்கே இதுதான் வழக்கம்" என்பது அந்தச் சட்டங்களின் முன் செல்லாது. மறுக்க வேண்டி வந்தால் நன்றியோடு, விதியைக் காரணம் காட்டி மறுங்கள். கொடுத்தவருக்கும் மனம் நோகாது.

நாடுவாரியாகக் கலாசாரத்துக்கு மதிப்பெண் போட்ட பட்டியல்கள் இருக்கின்றனவே. அவற்றை நம்பலாமா?

முதல் ஊகத்துக்கு உதவும், அவ்வளவுதான். மிகவும் புகழ்பெற்றது நெதர்லாந்தைச் சேர்ந்த கீர்ட் ஹாஃப்ஸ்டெட் உருவாக்கியது. 1967-க்கும் 1973-க்கும் இடையில் ஐபிஎம் என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்கள்தான் அதன் அடித்தளம். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே எப்படி மதிப்பிடுவது என்று ஆய்வாளர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்வி. நாட்டின் மதிப்பெண்ணைத் தனி மனிதர்மேல் பொருத்தக்கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார்.

ஒரு நாட்டுச் சராசரி உயரம் தெரிந்தால் எதிரில் நிற்பவருக்குச் சட்டை தைத்துவிட முடியுமா? அளவெடுத்துத்தானே ஆக வேண்டும். அதனால் "உங்கள் நாட்டில் எப்படி?" என்று கேட்பதைவிட "நீங்கள் எப்படி வேலை செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி அவரை ஒரு நாட்டுக்கே பிரதிநிதியாக்கிவிடுகிறது. நாடு விட்டு நாடு வந்து வேலை செய்பவர்கள் அந்தப் பாரத்தைத் தினமும் சுமந்து சலித்தவர்கள்.

"எங்கள் கலாசாரம் இப்படித்தான்" என்று சொல்லிக் கத்துகிறார், இழிவாகப் பேசுகிறார். பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். எந்தச் சமூகத்திலும் அவமானப்படுகிறவருக்கு அது அவமானமாகத்தான் தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் ஏற்றுக்கொண்ட 190-ஆவது உடன்படிக்கை, வன்முறையும் துன்புறுத்தலும் இல்லாத வேலையிடம் எல்லாருக்கும் உள்ள உரிமை என்கிறது. கலாசாரம் என்ற சொல்லை யார் சொல்கிறார் என்று கவனியுங்கள். பாதிக்கப்பட்டவரே வந்து "எங்களுக்கு இது பழக்கம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. தேதியோடு எழுதிவையுங்கள், புகார் செய்யுங்கள்.

இதே போல, வேலைப்பளு தாங்காமல் ஒருவர் விலகும்போது "அவருக்கு நம் கலாசாரம் ஒத்துவரவில்லை" என்று கோப்பை மூடுவதையும் பார்த்திருக்கிறேன். சம்பளம், ஆள் பற்றாக்குறை, மோசமான மேலாண்மை ஆகியவற்றை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைக்க முடிகிறது. அதை அனுமதிக்காதீர்கள்.

எப்போதும் நான்தான் மாற வேண்டுமா? சோர்வாக இருக்கிறது.

இந்தக் கேள்வியை எழுதி அனுப்பியவருக்கு முதலில் ஒன்று: உங்கள் சோர்வு நியாயமானது. இரண்டாவது மொழியில் யோசித்து, மூன்றாவது நாட்டின் நேரத்தில் விழித்திருந்து, எல்லாருக்கும் ஏற்ற முகத்தை அணிந்து வேலை செய்வது பெரிய உழைப்பு. அது எந்தச் சம்பளச் சீட்டிலும் தெரிவதில்லை.

பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மின்னஞ்சலில் விஷயத்தை முதல் வரியிலேயே சொல்லப் பழகலாம், "முடியாது" என்பதை முன்கூட்டியே சொல்லப் பழகலாம். ஆனால் உங்கள் பெயரைச் சுருக்கிக்கொள்ள வேண்டாம். அதைச் சரியாக உச்சரிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். இரவுக் கூட்டம் எப்போதும் உங்கள் பக்கமே விழுகிறதென்றால், மாதம் ஒரு பக்கம் என்று மாற்றி வைக்கக் கேளுங்கள். நான் கேட்ட இரண்டு இடங்களில் உடனே மாற்றினார்கள். எங்கள் நேரம் என்ன என்று அதுவரை அவர்கள் யோசித்ததே இல்லை.

நாளை முதல் கூட்டம். தயாராக ஒரு மாலைதான் இருக்கிறது. எதைப் படிப்பது?

அந்த நாட்டைப் பற்றி இணையத்தில் தேடி நேரத்தைச் செலவிடாதீர்கள். கூட்டத்துக்கு வருபவர்களின் பெயர்ப் பட்டியலை வாங்கி உச்சரிப்பைக் கேட்டுப் பழகுங்கள். அவர்களோடு முன்பு வேலை செய்த ஒருவரைப் பிடித்து, போன முறை எதில் சிக்கல் வந்தது என்று கேளுங்கள். கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை வேலைமுறை பேசுவதற்கு ஒதுக்குங்கள்: அவசரம் என்றால் அழைப்பதா எழுதுவதா, மின்னஞ்சலுக்கு எத்தனை நாளில் பதில், யார் இல்லாவிட்டால் முடிவு நிற்கும், கெட்ட சேதியை யாரிடம் முதலில் சொல்வது. உங்கள் பதிலை முதலில் நீங்களே சொல்லித் தொடங்குங்கள். பேசியதை அன்று மாலையே ஒரு பக்கத்துக்குள் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள்.